பவுலின் வீட்டு மீட்டர்

மரக்காணத்து உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் மூட்டை எடை பார்த்த ஒருத்திக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை இருக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். பவுலினுக்கு இல்லை. உப்பு ஏமாற்றும். விடியற்காலை ஈரத்தோடு கட்டிய மூட்டை மதியத்துக்குள் இளைத்துப் போயிருக்கும். யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் எடை குறைந்திருக்கும். அந்தக் குறைச்சலுக்குள்ளே தன் கைவரிசையையும் ஒளித்துக்கொண்டு போகிற ஆட்களை அவள் நிறையவே பார்த்துவிட்டாள். ஷெட்டில் அவளுக்கு சிபிஐ என்று பேர். கேலியாக வைத்த பேர்தான். அவள் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். கேஸ் சிலிண்டர் வந்தால் ஷெட்டிலிருந்து கொண்டு வந்த கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் ஆளை அனுப்புவாள். புருஷன் ஏசுராஜ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். “கல்யாண மோதிரத்தையே உரசிப் பாத்துட்டுத்தான் கைய நீட்டுனா” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பவுலின் அதை மறுத்ததில்லை.

அவள் தராசில் ஏற்றாத ஆள் ஒரே ஒருத்தன் இருந்தான். அண்ணன் டோமினிக். அப்பா அந்தோணிசாமி செத்தபோது விட்டுப்போனது ஒரு வீடு. நடுவில் சுவர் வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியை வாடகைக்கு விட்டிருந்தார். அதனால் இரண்டு மீட்டர், இரண்டு வாசல். பெண்ணுக்கு எதற்குப் பங்கு என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, டோமினிக் ஒரு சாவியை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தான். பழக்கதோஷத்தில் அப்போதும் அவள், “ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமாண்ணே?” என்று கேட்டாள். டோமினிக் விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணன் தங்கச்சிக்குள்ள இன்னாடி பேப்பரு?” என்றான். பதினெட்டு வருடமாகப் பேப்பர் இல்லாமலேதான் இருக்கிறார்கள். பின்பக்கத்து இரண்டு முற்றத்துக்கும் நடுவே சுவர்கூடக் கிடையாது.

இப்போது பவுலினின் ஒரே மகள் ஷாலினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வானூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஓலை வாசித்தாயிற்று. தாய்மாமன் டோமினிக்தான் மாலை எடுக்க வேண்டும், சீர் கொண்டுவர வேண்டும், பெண்ணைக் கோயில் படி ஏற்றிக் கூட்டிப் போக வேண்டும். ஷாலினிக்கு நடக்கப் பழகிக் கொடுத்ததே அவன்தான். மாமன் இல்லாத கல்யாணத்தை அந்தத் தெரு ஒரு தலைமுறைக்குப் பேசும். அவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பவுலின் இந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஆரம்பம் ஒரு பில்லில்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க ஆள் வருவார். பவுலின் வீட்டில் எப்போதும் இருநூற்றைம்பது, இருநூற்றெழுபது யூனிட். நூறு போக மிச்சத்துக்குத்தான் காசு. இந்தத் தடவை போனில் வந்த மெசேஜில் அறுநூற்றுப் பத்து என்று இருந்தது. ஐந்நூறைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும் என்பது தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பவுலின் மெசேஜை மூன்று தரம் படித்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, ரீடிங் எடுத்தவரை வழிமறித்தாள்.

“மீட்டர்ல இருக்கறதத்தாம்மா நான் எடுக்கறேன். வா, நீயே பாரு” என்று அவர் திரும்பி வந்து காட்டினார். எண் சரியாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் யாரோ தின்கிறார்கள். பவுலின் முதலில் பிரிட்ஜைச் சந்தேகப்பட்டாள். மூன்று நாள் அணைத்துப் போட்டதில் மீன்தான் கெட்டது. பிறகு டிவியின் மூலையில் எரிகிற சிவப்புப் பொட்டைச் சந்தேகப்பட்டாள். ஷாலினியின் போன் சார்ஜர், மிக்சி, கொசு மருந்து மிஷின் எல்லாம் வரிசையாக விசாரணைக்கு வந்தன. அந்த வாரம் வீட்டில் ராத்திரிச் சாப்பாடே ஒரு பல்பு வெளிச்சத்தில்தான். “அம்மா, உப்பு பத்தலன்னு கூடத் தெரியல, இருட்டுல” என்றாள் ஷாலினி.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். ஏசுராஜுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. கோயிலிலிருந்து திரும்பியதும் பவுலின் ஒரு பரிசோதனை செய்தாள். வீட்டில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் தன் கையால் அணைத்தாள். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள். பின்பக்கத்துத் தண்ணி மோட்டார் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து மீட்டர் முன்னால் நின்றாள். கரண்ட் ஓடினால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரியும். எல்லாம் அணைந்த வீட்டில் அது எரியக் கூடாது.

எரிந்தது. நின்றது. மறுபடி எரிந்தது.

 பவுலினுக்குப் பயமாக இருந்தது, கூடவே உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. தான் சந்தேகப்பட்டது சரி என்று தெரிகிறபோது அவளுக்கு எப்போதும் வருகிற திருப்தி அது. ஷாலினியைக் கூப்பிட்டு அதைப் போனில் வீடியோ எடுக்கச் சொன்னாள். எடுக்கும்போதே அவள் கண் மீட்டரை விட்டு மேலே போனது. பக்கத்துக் கூரையில் டோமினிக்கின் சோலார் பலகைகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன.

டோமினிக் புதுச்சேரியில் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டுகிறான். போன கோடையில் பாங்க் லோன் போட்டு, அரசாங்க மானியமும் வாங்கிக் கூரையில் சோலார் வைத்தான். அதிலிருந்து அவன் வீட்டில் கரண்ட் பில் என்று பேருக்குத்தான். ஏசி வாங்கினான். அண்ணி மரியசெல்வி இட்லியைக்கூடக் கரண்ட் அடுப்பில்தான் வேக வைக்கிறாள். எப்படி என்று கேட்டபோது டோமினிக் ஆசையாகத்தான் விளக்கினான். “பகல்ல நம்ம செலவு போக மிச்சம் வெளிய கம்பிக்குப் போயிடும் பவுலு. ராத்திரி அத திரும்ப எடுத்துக்கலாம்.”

அன்றைக்கு அது காதில் விழுந்து போய்விட்டது. இப்போது திரும்ப வந்தது. எடுத்துக்கலாம் என்றானே, எங்கேயிருந்து எடுப்பான்?

ஒரு தரம் சந்தேகம் வந்துவிட்டால் பவுலினுக்குச் சாட்சிக்குப் பஞ்சமே இராது. டோமினிக் விடியற்காலையில் ஏணி போட்டுக் கூரை ஏறுவான். உப்புக்காற்றில் பலகை மேல் வெள்ளையாகப் படிந்துவிடும், வாரம் இரண்டு தடவை கழுவாவிட்டால் கரண்ட் வராது என்பான். ஏணியை எங்கே சாத்துகிறான்? அவள் மீட்டருக்குப் பக்கத்தில். எதற்கு ஆள் எழுந்திருக்காத நேரம்? இன்னொன்று, பச்சை வயர். சோலாரிலிருந்து சுவரோரமாக ஒரு பச்சை வயர் இறங்கிப் பின்முற்றத்தில் மண்ணுக்குள் போகிறது. எந்தப் பக்கத்து மண்ணுக்குள்? அவள் பக்கம். அவள் வீட்டு எர்த் குழியிலிருந்து நாலு அடி.

“அம்மா, மாமா மேலயா?” என்றாள் ஷாலினி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “நேரா கேட்டுடேன்.”

“கேட்டா, ஆமா நான்தான்னு சொல்லுவானா? வயரைப் புடுங்கிட்டு, ஒண்ணுமே இல்லன்னு சொல்லுவான்.”

“அப்பா வரட்டும், பேசிக்கலாம்.”

“உங்கப்பா இன்னா சொல்லுவாரு? விடு பவுலுன்னுவாரு.”

திங்கட்கிழமை பவுலின் ஷெட்டுக்கு அரைநாள் லீவு சொன்னாள். ஷாலினியின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மின்சார ஆபீஸுக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். அனுப்புநர், பெறுநர், ஐயா என்று ஒழுங்காக ஆரம்பித்தாள். ‘எனது அண்ணன்’ என்று எழுதியதும் பேனா நின்றது. அண்ணன் என்று போட்டால் குடும்பச் சண்டை என்று மனுவைக் கட்டிப் போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. அந்த இரண்டு வார்த்தையையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ‘பக்கத்து வீட்டில் வசிக்கும் திரு. டோமினிக் என்பவர்’ என்று எழுதினாள். வேறு தாளில் திருத்தமாக எழுதியிருக்கலாம். ஆபீஸ் மூடிவிடப் போகிறது என்ற அவசரம். மொட்டைக் கடிதாசி போட அவளுக்கு மனசு வரவில்லை. கீழே முழுப்பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மின்சார ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமை, பச்சமுத்து என்கிற போர்மேன். ஐம்பது வயசு, நிதானமான மனுஷன். டோமினிக் யூனிபாரம் போட்டுக்கொண்டு பஸ் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“உங்க கனெக்சனை செக் பண்ணணும் சார். கம்ப்ளெயின்ட் வந்துருக்குது.”

“இன்னா கம்ப்ளெயின்ட்டு?”

“செக் பண்ணிட்டு சொல்றேன்.”

ஒருத்தன் கூரை ஏறினான். ஒருத்தன் மீட்டர் பெட்டியைத் திறந்தான். தெருவில் பால் வாங்க வந்தவர்கள், தண்ணி பிடிக்க வந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். மரியசெல்வி வாசற்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பவுலின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். பச்சை வயரைத் தோண்டும்போது பின்பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். மண்ணுக்குள் அது ஒரு செம்புக் கம்பியில் போய் முடிந்தது. “இது சோலாரோட எர்த்து. இடி விழுந்தா மண்ணுல இறங்கறதுக்கு” என்றான் தோண்டினவன். முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். தப்பாக ஒரு இணைப்பு இல்லை, ஒரு சீல் கலையவில்லை.

பச்சமுத்து ஃபைலைத் திறந்து, செக் பண்ணியதற்கு அடையாளமாக டோமினிக்கிடம் கையெழுத்துக் கேட்டார். மேலே பவுலினின் மனு குத்தியிருந்தது. அவர் அதை மறைத்திருக்க வேண்டும். மறைக்கவில்லை. டோமினிக் பேனாவை வாங்கினான், குனிந்தான், அந்தக் கையெழுத்தைப் பார்த்தான். சின்ன வயசில் லாந்தர் விளக்கை வைத்துக்கொண்டு பத்தாவது பரீட்சைக்குப் படித்த தங்கையின் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? மெதுவாக முழுசும் படித்தான். அடித்திருந்த இரண்டு வார்த்தையின் மேல் அவன் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டான்.

பச்சமுத்து பவுலின் வாசலுக்கு வந்தார். அவள் வீடியோவைக் காட்டினாள். எல்லாம் அணைத்தும் புள்ளி எரிகிறதே, இதற்கு என்ன பதில் என்று கேட்டாள். குரல் தேவைக்கு மேலே உயர்ந்திருந்தது.

“ஸ்விட்ச்சைத்தானம்மா அணைச்சீங்க. மெயினை அணைச்சீங்களா?”

“மெயின் எதுக்கு?”

அவர் மீட்டருக்குப் பக்கத்திலிருந்த மெயின் ஸ்விட்ச்சைக் கீழே இழுத்தார். சிவப்புப் புள்ளி நின்றது. இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார்கள். எரியவே இல்லை. மறுபடி மேலே தள்ளினார். எரிந்தது.

“வெளியாளு எவனும் எடுக்கல. உங்க வீட்டுக்குள்ளயேதான் போவுது.”

பின்பக்கம் போனார்கள். தண்ணி மோட்டார் சும்மா நின்றுகொண்டிருந்தது, ஸ்விட்ச் அணைந்திருந்தது. பச்சமுத்து மோட்டாருக்குப் போகிற வயரைக் கழற்றினார். வாசலில் நின்ற ஆள் “நின்னுடுச்சு சார்!” என்று கத்தினான். பச்சமுத்து குனிந்து பார்த்தார். மோட்டாரிலிருந்து ஒரு கம்பி எர்த் குழிக்குப் போனது. குழியைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இதுல இன்னா போட்டிருக்கீங்க?”

“உப்பு.”

“எவ்ளோ?”

பவுலின் சொன்னாள். பொங்கல் முடிந்த சமயம், மோட்டாரைத் தொட்டால் சுர்ரென்று அடித்தது. வயரிங் வேலை செய்கிற அந்தோணிராஜ் வந்து பார்த்து, “எர்த்து காஞ்சு கெடக்குதுக்கா. ரெண்டு கை உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்து. மத்தத வந்து பாக்கறேன்” என்றான். திரும்ப வரவே இல்லை. இரண்டு கை உப்பு என்றதும் பவுலினுக்குச் சிரிப்பு வந்தது. கடையில் பாக்கெட் வாங்குகிறவன் கணக்கு அது. ஷெட்டில் தரையில் சிந்திக் கூட்டின உப்பு சும்மாவே கிடைக்கும். அவள் ஒரு மூட்டையை முழுசாகக் கொட்டினாள். தினம் சாயங்காலம் ஒரு குடம் தண்ணி ஊற்றினாள். ஷாக் அடிப்பது நின்றுவிட்டது. காரியம் முடிந்தது என்று அதை மறந்தும் போனாள்.

பச்சமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அம்மா, மோட்டாரு உள்ள காயிலு போயிடுச்சு. அதுலேர்ந்து கரண்ட்டு கசியுது. ஸ்விட்ச்ச வேற எவனோ தப்பான கம்பியில போட்டிருக்கான், அதனால மோட்டாரு நின்னாலும் உள்ள கரண்ட்டு நிக்குது. முந்தி எர்த்து காஞ்சிருந்ததால கொஞ்சமாத்தான் போச்சு. நீங்க மூட்டை உப்பக் கொட்டி, தண்ணியும் ஊத்தி, மண்ணுக்குள்ள போறதுக்கு நல்லா ரோடு போட்டுக் குடுத்துட்டீங்க. ராவும் பகலும் போயிக்கிட்டே இருந்திருக்குது.” கிளம்பும்போது, “மோட்டார மாத்துங்க, வயரிங்கும் மாத்துங்க. அதுவரைக்கும் லோடு எதுவும் கூடுதலா போடாதீங்க” என்றார். வாசலைத் தாண்டும்போது கொஞ்சம் தயங்கி, “அந்த சாருகிட்ட ஒரு வார்த்த பேசிடுங்கம்மா” என்றும் சொன்னார்.

பேசுவதாம். இருபத்திரண்டு வருடத்தில் பவுலின் பிடித்த திருட்டுகள் எத்தனையோ. தப்பாகப் பிடித்தது இதுதான் முதல் தடவை. அதுவும் யாரை! அவமானத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டதும் பின்பக்கமாக ஓடினாள். இரண்டு முற்றத்துக்கும் நடுவே டோமினிக்கின் பழைய மீன்வலை ஒன்றைக் கம்பில் கட்டியிருந்தார்கள். காலையில் அது இல்லை. மரியசெல்வி வலைக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அண்ணன் வந்துட்டாரா?”

“குளிக்கிறாரு.”

அரை மணி கழித்துப் போனாள். தூங்குகிறார் என்றாள் மரியசெல்வி. மறுநாள் போனபோது டூட்டிக்குப் போய்விட்டார் என்றாள். மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறு டோமினிக் கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போனான். ஏசுராஜ் துரத்திப் போய்ப் பேசினான். “கல்யாணத்துக்கு வருவேன் மாப்ள. அதுல சந்தேகப்படாத” என்று மட்டும் சொன்னானாம். சந்தேகம் என்ற வார்த்தையை ஏசுராஜ் வேண்டுமென்றே சொன்னானா, டோமினிக் சொன்னதை அப்படியே சொன்னானா என்று பவுலின் இரண்டு நாள் யோசித்தாள்.

வருவானா? சீரோடு வருவானா, வெறுங்கையோடு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போவானா? ஜன்னல் வழியாக அண்ணன் வீட்டைப் பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. மரியசெல்வி துணிக்கடைப் பையோடு வந்தால், புடவையா, வேறெதாவதா? டோமினிக் போனில் பேசினால், யாரிடம்? இதற்கு முன் திருடனைப் பார்த்த அதே ஜன்னலில் நின்று, இப்போது மாமனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் சீரியல் செட் போடுகிறவன் வந்தான். வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று, பந்தல் போட்டாயிற்று, வயரிங் மட்டும் இன்னும் மாற்றவில்லை. அவன் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

“இந்த வயரிங்குல நான் லைட்டு போட மாட்டேன்க்கா. பத்திக்கிச்சுன்னா என் பேரு கெட்டுடும். பக்கத்து வூட்டுலேர்ந்து ஒரு லைன் இழுத்துக் குடு.”

பக்கத்து வீடு என்றால் ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கம் டோமினிக். விளக்கில்லாத கல்யாண வீட்டுக்குச் சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். பவுலின் தலையை முடிந்துகொண்டு, பின்பக்கமாகப் போகாமல் முன்வாசல் வழியாகவே போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தினாள்.

டோமினிக்தான் திறந்தான். அவன் பின்னால் கூடத்தில் ஏழு தட்டுகள் தெரிந்தன. புடவை, வளையல், பழம், மாலை, எல்லாம் கண்ணாடித்தாள் போட்டுக் கட்டித் தயாராக இருந்தன. 

“அண்ணே, என்ன மன்னிச்சுடுண்ணே.”

“இன்னா வேணும் சொல்லு.”

“சீரியல் செட்டுக்கு ஒரு லைன்...”

“எடுத்துக்க.” அவன் உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டு வந்து நீட்டினான். “ஆனா ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு எடுத்துக்க. கரண்ட்டு விஷயம் பாரு. நாளைக்கு யாரு யாருகிட்ட எடுத்தான்னு பேச்சு வரக்கூடாது.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். நின்றபடியே சுவரில் தாளை வைத்து எழுதினாள்.  ‘எனது மகள் திருமணத்துக்காக எனது அண்ணன் வீட்டிலிருந்து அவரது சம்மதத்துடன் மின்சாரம் எடுத்துக்கொள்கிறேன்.’ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

டோமினிக் படித்தான். அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினான். ‘எனது அண்ணன்’ என்ற இரண்டு வார்த்தையையும் ஒரு கோடு இழுத்து அடித்து, மேலே ‘பக்கத்து வீட்டில் வசிக்கும் திரு. டோமினிக் என்பவர்’ என்று பொறுமையாக எழுதினான்.

“இப்டித்தான எழுதணும்?” என்றான். “நாளைக்குக் காலையில ஆறரைக்கெல்லாம் வந்துடுவேன். ஷாலினிய ரெடியா இருக்கச் சொல்லு. மருமவ கல்யாணத்துல மாமன் செய்யற எதுலயும் கொறை வராது.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவனே வயரை எடுத்து பிளக்கைச் சொருகினான். பவுலின் வீட்டு வாசலில் சீரியல் செட் பச்சையும் சிவப்புமாக எரிய ஆரம்பித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. பவுலின் அந்த வெளிச்சத்தில் தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.